கையடக்கப் படை!

உங்கள் கட்டை விரலை நிமிர்த்திப் பாருங்கள். நகம் இருக்கும் மேல் கணு தெரிகிறதா? ஏறக்குறைய அந்த உயரத்தில் ஒரு போர்வீரன்! ஒரு கையில் வேல், மறு கையில் கேடயம், இடுப்பில் கச்சை. உற்றுப் பார்த்தால் முறுக்கு மீசை கூடத் தெரியும். அவன் காலடியில் கொஞ்சம் மண், இரண்டு கூழாங்கல், ஒரு கொத்துக் காய்ந்த புல்.

இப்படிப்பட்ட குட்டி வீரர்களுக்கு வண்ணம் தீட்டி, மேசை மேல் இரண்டு படைகளாக நிறுத்தி விளையாடுவதற்கு 'வார்கேமிங்' என்று பெயர். தமிழில் போர் விளையாட்டு என்று சொல்லலாம். வீரனை எவ்வளவு தூரம் நகர்த்தலாம் என்பதை அடிக்கோலால் அளப்பார்கள். அடி பட்டதா, தப்பியதா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிப்பார்கள். பல நாடுகளில் சிறுவர்களும் பெரியவர்களும் இதை விரும்பி விளையாடுகிறார்கள். ஆனால் இதில் விளையாடும் நேரத்தை விட, பொம்மைக்கு வண்ணம் தீட்டும் நேரம்தான் அதிகம்!

கடையில் விலை கொடுத்து வாங்கினால்தான் முடியும் என்று நினைக்காதீர்கள். களிமண்ணும், சோடா மூடியும், கொஞ்சம் வண்ணமும் போதும். படை எங்கே என்கிறீர்களா? வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். நம் திருவாலங்காட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய போர்க்களம் இருக்கிறது. அதையே செய்து பார்க்கலாம்.

நாலாயிரம் ஆண்டு பழைய பொம்மைகள்

முதலில் கொஞ்சம் வரலாறு. எகிப்து நாட்டில் அஸ்யூத் என்ற ஊரில் மெசேத்தி என்ற ஆளுநர் இருந்தார். இன்றைக்குச் சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவருடைய கல்லறைக்குள் மரத்தால் செய்த இரண்டு குட்டிப் படைகள் கிடைத்தன. ஒன்றில் ஈட்டியும் கேடயமும் ஏந்திய 40 எகிப்திய வீரர்கள். மற்றொன்றில் வில்லேந்திய 40 நூபிய வீரர்கள். எல்லாருக்கும் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். நான்கு நான்கு பேராகப் பத்து வரிசை. எல்லாரும் ஒரே பலகையில் கால் பதித்து நிற்கிறார்கள்.

அந்தப் பலகைதான் நமக்கு முக்கியம். பொம்மைக்கு நிற்க ஓர் அடித்தளம் வேண்டும் என்பதை அன்றைக்கே கண்டுபிடித்து விட்டார்கள்!

நம் நாட்டில் பிறந்த சதுரங்கமும் போர் விளையாட்டுதானே? யானை, குதிரை, தேர், காலாள் ஆகிய நால்வகைப் படையும் அதில் உண்டு. போட்டிகளில் வைக்கும் காய்களைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? அடிப்பாகத்துக்குள் கனம் வைத்திருப்பார்கள். வேகமாக ஆடும்போது கை பட்டாலும் காய் சட்டென்று சாயாது.

ஜெர்மனியின் பிரஷ்யா நாட்டில் 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி, வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்திப் பகடை உருட்டும் ஒரு விளையாட்டை அதிகாரிகளின் பயிற்சிக்காக வடிவமைத்தார். 1913-ல் இங்கிலாந்து எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தில் பொம்மை வீரர்களை வைத்து வீட்டிலேயே விளையாடும் விதிகளை எழுதினார். போர் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பொம்மைகளோடு நிறுத்திக் கொள்ளட்டும், நிஜப் போரில் மிஞ்சுவது இழப்புதான் என்பதே அந்தப் புத்தகத்தில் அவர் சொல்ல வந்தது. அடுத்த ஆண்டே, 1914-ல், முதல் உலகப் போர் மூண்டு விட்டது.

நம் பக்கத்துப் போர்க்களம்

சரி, நம் ஊருக்கு வருவோம். திருவாலங்காட்டிலிருந்து தெற்கே, நேர்க்கோட்டில் அளந்தால் பதினைந்து கிலோமீட்டர் தூரத்துக்குள், தக்கோலம் இருக்கிறது. அரக்கோணத்தை அடுத்த ஊர். கி.பி. 949-ல் அங்கே ஒரு பெரும் போர் நடந்தது.

ஒரு பக்கம் சோழர் படை. அதற்குத் தலைமை தாங்கியவர் முதலாம் பராந்தக சோழரின் மூத்த மகன், இளவரசர் ராஜாதித்தர். எதிர்ப் பக்கம் ராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணரின் படை. அவருக்குத் துணையாக வந்தவர் கங்க மன்னர் இரண்டாம் பூதுகர். ராஜாதித்தர் யானை மேல் இருந்து போரிட்டார். அந்த யானையின் மேலேயே உயிர் நீத்தார். அதனால்தான் அவரை 'யானை மேல் துஞ்சிய தேவர்' என்கிறார்கள். துஞ்சுதல் என்றால் இறத்தல். சோழர் படை தோற்றது. தொண்டை மண்டலம், அதாவது நாம் இருக்கும் இந்தப் பகுதி, சோழர் கையை விட்டுப் போனது.

பிறகு மீண்டும் சோழர் கைக்கு வந்தது. சுமார் எழுபது ஆண்டுகள் கழித்து, ராஜேந்திர சோழர் நம் திருவாலங்காட்டுக் கோயிலுக்குப் பழையனூர் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தார். அதைச் சொல்லும் செப்பேடுகள் 1905-ல் இங்கே கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள், ஒரே வளையத்தில் கோத்தவை. சோழர் பரம்பரையை வரிசையாகச் சொல்வதால், 'திருவாலங்காட்டுச் செப்பேடு' என்றால் வரலாற்று அறிஞர்கள் எல்லாருக்கும் தெரியும்.

அம்பா? கத்தியா?

இப்போது நாம் ராஜாதித்தரின் யானையைப் பொம்மையாகச் செய்யப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உடனே ஒரு கேள்வி வரும். அவர் எப்படி இறந்தார்? பொம்மையில் எதைக் காட்டுவது?

சோழர்கள் வெளியிட்ட ஆனைமங்கலச் செப்பேடு ஒரு பதில் சொல்கிறது. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் நெடுங்காலம் இருந்ததால் அதை லெய்டன் செப்பேடு என்றும் சொல்வார்கள். ராஜாதித்தர் எதிரிப் படையைக் கலங்கடித்தார், யானை மேல் இருந்தபோது கூரிய அம்புகள் அவர் நெஞ்சில் தைத்தன, அவர் வீர சொர்க்கம் அடைந்தார் என்கிறது அது.

எதிர்த் தரப்பின் சான்று, கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில் ஆதகூர் என்ற ஊரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு. பூதுகர் அம்பாரியையே போர்க்களமாக்கி, ராஜாதித்தரைக் கத்தியால் குத்திக் கொன்றார் என்கிறது அது!

அந்தக் கல்வெட்டில் உங்களுக்குப் பிடித்த கதை ஒன்றும் இருக்கிறது. பூதுகரின் வீரர்களில் மணலேரர் என்பவர் இந்தப் போரில் வீரமாகச் சண்டையிட்டார். "என்ன வேண்டும், கேள்" என்றார் மன்னர். மணலேரர் பொன்னையோ பொருளையோ கேட்கவில்லை. மன்னரிடம் இருந்த 'காளி' என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக் கொண்டார். பின்னர் ஒரு குன்றில் காளி பெரிய காட்டுப்பன்றியோடு மோதியது. இரண்டுமே இறந்து போயின. அந்த நாய்க்காகத்தான் அந்த நடுகல் வைக்கப்பட்டது! நாயும் பன்றியும் சண்டையிடும் சிற்பம் அதில் இருக்கிறது. இன்று அந்தக் கல் பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு நாயின் நடுகல்தான், சோழ இளவரசரின் மரணத்தைப் பற்றி நமக்குச் சாட்சி சொல்கிறது.

ஒரே போர். ஒரே மரணம். இரண்டு சாட்சிகள். ஒருவர் அம்பு என்கிறார், மற்றவர் கத்தி என்கிறார். அவரவர் தம் வீரரைப் புகழ்கிறார்கள். பாடப் புத்தகத்தில் படிக்கும்போது இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போகலாம். பொம்மை செய்ய உட்கார்ந்தால் தப்பவே முடியாது. ஏனென்றால் பொம்மையின் நெஞ்சில் அம்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்பாரியில் இன்னோர் ஆள் ஏறியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுங்கள். ஆனால் அதை மறைக்காதீர்கள். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

60-ஆல் வகுத்துப் பாருங்கள்

இப்போது கணக்கு நேரம்! போர் விளையாட்டுப் பொம்மைகளில் அதிகமாகக் காணப்படும் உயரங்களில் ஒன்று 28 மில்லிமீட்டர். 168 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதனை 60-ஆல் வகுத்தால் சரியாக 28 மில்லிமீட்டர் வரும். ஆகவே நம் பொம்மை உலகில் எல்லாவற்றையும் 60-ஆல் வகுக்க வேண்டும்.

மூன்று மீட்டர் உயர யானை, 5 சென்டிமீட்டர் ஆகும். பன்னிரண்டு மீட்டர் பனைமரம், 20 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் உயர வேட்டை நாய் காளி, வெறும் ஒரு சென்டிமீட்டர்!

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். நீங்கள் தூவும் மணலில் ஒரு மில்லிமீட்டர் துகள் இருந்தால், பொம்மை வீரனுக்கு அது 6 சென்டிமீட்டர் கல். நான்கு மில்லிமீட்டர் கொத்தமல்லி விதை, அவனுக்கு 24 சென்டிமீட்டர் பாறை. மேசை மேல் ஊரும் ஆறு மில்லிமீட்டர் எறும்பு, அவனுக்கு 36 சென்டிமீட்டர் நீள நாய்க்குட்டி! வண்ணத்தைத் தண்ணீர் கலக்காமல் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பினால்? அவன் மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள மெத்தையைக் கட்டிக்கொண்டு போருக்குப் போகிறான் என்று அர்த்தம். வண்ணத்தை ஏன் மெல்லியதாகப் பூச வேண்டும் என்று இப்போது புரிகிறதா?

வண்ணம் தீட்டும் முறை

தேவையான பொருட்கள்: களிமண் அல்லது காகிதக்கூழில் செய்து நன்றாக உலர்ந்த பொம்மைகள், போஸ்டர் கலர் அல்லது அக்ரிலிக் வண்ணம், 0 மற்றும் 2-ஆம் எண் தூரிகைகள், உப்புத்தாள், ஃபெவிகால், பழைய துணி, இரண்டு கிண்ணத்தில் தண்ணீர். 28 மில்லிமீட்டரில் களிமண் பிடிப்பது கடினமாக இருந்தால், இரண்டு மடங்கு உயரத்தில் தொடங்குங்கள். அப்போது 60-க்குப் பதில் 30-ஆல் வகுத்தால் போதும்.

1. களிமண் பொம்மையை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் சீக்கிரம் காய்ந்து சுருங்கி, விரிசல் விடும். உலர்ந்ததும் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துத் தூசி தட்டுங்கள். வேலும் வாளும் களிமண்ணில் செய்தால் ஒடிந்து விடும். ஈர்க்குச்சியைச் செருகி விடுங்கள்.

2. முதலில் பொம்மை முழுவதும் வெள்ளை பூசுங்கள். பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் கொலு பொம்மை செய்கிறவர்கள் சூளையில் சுட்ட பொம்மைக்கு முதலில் வெள்ளைப் பூச்சுதான் கொடுப்பார்கள். செம்மண் நிறத்தின் மேல் நேராக மஞ்சள் பூசினால் அழுக்காகத் தெரியும். வெள்ளையின் மேல் பூசினால் பளிச்சென்று இருக்கும்.

3. பொம்மையைக் கையால் பிடிக்காமல், பழைய பேனா மூடியின் மேல் ஒரு துளி ஒட்டும் களிமண் வைத்து அதில் நிறுத்திக் கொள்ளுங்கள். வண்ணத்தின் மேல் விரல் படாது.

4. உள்ளிருந்து வெளியே வாருங்கள். நாம் உடுத்துவது போலத்தான். முதலில் உடம்பின் நிறம், அப்புறம் துணி, அப்புறம் கச்சை, கடைசியில் நகையும் ஆயுதமும். ஒரே கனமான பூச்சுக்குப் பதில் இரண்டு மெல்லிய பூச்சு. முதல் பூச்சு காய்ந்த பிறகுதான் இரண்டாவது.

5. இனிதான் மந்திரம்! பழுப்பு வண்ணம் ஒரு துளிக்குப் பத்துத் துளி தண்ணீர் கலந்து பொம்மை மேல் தடவுங்கள். அந்த நீர் துணி மடிப்பிலும் விரல் இடுக்கிலும் போய்த் தங்கி நிழல் போலக் காயும். போஸ்டர் கலர் தண்ணீரில் மீண்டும் கரையும். ஆகவே இந்த வேலைக்கு அடி வண்ணம் அக்ரிலிக்காக இருப்பது நல்லது.

6. பிறகு வெளிர் நிறத்தைத் தூரிகையில் தொட்டு, துணியில் துடைத்து, ஏறக்குறையக் காய்ந்த தூரிகையால் மேடான இடங்களை மட்டும் லேசாக உரசுங்கள். மூக்கு நுனி, தோள், முழங்கால் எல்லாம் பளிச்சிடும்.

நிழலையும் வெளிச்சத்தையும் நாமே ஏன் வரைய வேண்டும்? நிஜ மனிதனின் உடை மடிப்புகள் ஆழமானவை. அவற்றில் நிழல் தானாக விழும். பொம்மையின் மடிப்பு அரை மில்லிமீட்டர்தான். அதில் விழும் நிழல் நம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் தூரிகையால் உதவி செய்கிறோம்.

7. கண்ணைக் கடைசியில் எழுதுங்கள். கொலு பொம்மைக் கலைஞர்கள் இதைக் 'கண் திறத்தல்' என்பார்கள். குண்டூசி முனையில் ஒரு கறுப்புப் புள்ளி போதும்.

ஓர் எச்சரிக்கை! தூரிகை நுனியைக் கூர்மையாக்க வாயில் வைக்காதீர்கள். வண்ணம் வயிற்றுக்குள் போகும். கத்தி, பிளேடு வேலைகளைப் பெரியவர்களிடம் விடுங்கள். வீட்டில் மிகப் பழைய உலோக வீரர்கள் இருந்தால் அவற்றைத் தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம். அந்தக் காலத்தில் பொம்மை வீரர்களை ஈயம் கலந்து வார்ப்பார்கள். ஈயத் தூசி உடலுக்கு நஞ்சு.

எந்த நிறம் பூசுவது?

மனதுக்குப் பிடித்த நிறத்தையெல்லாம் பூசலாமா? கொஞ்சம் பொறுங்கள்! பளபளக்கும் செயற்கைச் சாயங்கள் அன்றைக்கு இல்லை. முதல் செயற்கை ஊதாச் சாயத்தை வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் 1856-ல்தான் தற்செயலாகக் கண்டுபிடித்தார். அதற்கு முன் நம் நாட்டில் அவுரிச் செடியிலிருந்து நீலம், சாயவேரிலிருந்து சிவப்பு, மஞ்சள் கிழங்கிலிருந்து மஞ்சள். இவை தவிர, சாயம் போடாத வெள்ளைப் பருத்தித் துணி. இந்த நிறங்களைக் கொஞ்சம் மங்கலாகப் பூசினால் 949-ஆம் ஆண்டுக்குப் பொருத்தமாக இருக்கும்.

உடை எப்படி இருந்தது? கோயில்களில் தேடுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலிலும் தாராசுரத்திலும் உள்ள சிற்பங்களைப் பாருங்கள். மேல் சட்டை இல்லாமல், இடுப்பில் கச்சை கட்டி, வாளும் கேடயமும் ஏந்திய வீரர்களைப் பார்க்கலாம். ஆனால் பெரிய கோயில் 1010-ல் முடிந்தது. தாராசுரம் 12-ஆம் நூற்றாண்டு. இரண்டுமே தக்கோலப் போருக்குப் பிந்தியவை. ஆகவே அவை பக்கத்துச் சாட்சிகள், நேர்ச் சாட்சிகள் அல்ல.

நேர்ச் சாட்சி இருந்தாலும் கவனம் வேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-ல் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை முறியடித்தார்கள். அந்தப் போரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உள்ள தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு பெரிய ஓவியமாகத் தீட்டச் செய்தார். சிவப்புச் சட்டை வீரர்கள் சதுரமாக அணிவகுத்து நிற்க, நடுவில் பெய்லி பல்லக்கில் இருக்கிறார், வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. பொம்மைக்கு நிறம் பூசுகிறவர்களுக்கு இது ஒரு புதையல்! ஆனால் அது வென்றவர் வரையச் சொன்ன படம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காலுக்குக் கீழே ஒரு ஊர்

வண்ணம் தீட்டியாயிற்று. இனி அடித்தளம். இதைச் செய்யாமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்தது என்று பொருள்.

அடித்தளம் எதற்கு? முதலாவது, பொம்மை நிற்க. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைத் தள்ளி விட்டால் மறுபடி எழுந்து நிற்கிறதே, ஏன்? அதன் அடி அரை உருண்டையாக இருக்கிறது, கனம் முழுவதும் அங்கேயே இருக்கிறது. அதாவது புவியீர்ப்பு மையம் மிகக் கீழே. நம் வீரனோ வேலை உயரத் தூக்கியிருக்கிறான். அவனுடைய மையம் மேலே போய் விடுகிறது. ஆகவே அடித்தளம் அகலமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, விளையாடும்போது அடித்தளத்தைப் பிடித்து நகர்த்தினால் வண்ணம் உரியாது. மூன்றாவது, தூரத்தை அடித்தளத்தின் விளிம்பிலிருந்து அளக்கலாம். தகராறு வராது! நான்காவதுதான் சிறப்பு. அந்த வீரன் எந்த ஊரில், எந்தக் காலத்தில் நிற்கிறான் என்று அடித்தளம் சொல்லும்.

செய்முறை எளிது. சோடா பாட்டில் மூடியைக் கவிழ்க்காமல், பள்ளம் மேலே இருக்கும்படி வையுங்கள். அதற்குள் ஓர் இரும்பு வாஷரை வைத்து, அதன் மேல் களிமண்ணை நிரப்புங்கள். வீரனின் காலை அதில் பதித்து உலர விடுங்கள். யானைக்குப் பெரிய ஜாடி மூடி வேண்டும். உலர்ந்ததும் மேலே ஃபெவிகால் தடவி, சல்லடையில் சலித்த மண்ணைத் தூவுங்கள். ஏன் சலிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்! இரண்டொரு கடுகைப் பாறையாக ஒட்டுங்கள். ஃபெவிகால் காய்ந்ததும் ஊதி மிச்ச மண்ணை அகற்றுங்கள். மேலே அடர் பழுப்பு பூசி, காய்ந்த தூரிகையால் வெளிர் மஞ்சளை உரசுங்கள். தேங்காய் நாரைச் சிறு கொத்தாக வெட்டி ஒட்டினால் காய்ந்த புல். மரத்தூளில் பச்சை வண்ணம் கலந்து உலர்த்தித் தூவினால் பசும்புல்.

என்ன செடி வைப்பது? இங்கேதான் பலர் ஏமாந்து போவார்கள். நம் பக்கத்தில் எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம். அதை வைத்து விடாதீர்கள்! அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. சப்பாத்திக்கள்ளியும் மக்காச்சோளமும் மிளகாய்ச் செடியும் கூட அங்கிருந்து வந்தவைதான். கொலம்பஸ் 1492-ல் அங்கே போய்ச் சேர்வதற்கு முன் அவை இங்கே இல்லை. ராஜாதித்தர் அவற்றைப் பார்த்திருக்க மாட்டார்.

அப்படியானால் என்ன இருந்தது? நம் ஊர்ப் பெயரையே கேளுங்கள். திரு - ஆலங்காடு. ஆலமரக் காடு! இறைவன் பெயர் வடாரண்யேஸ்வரர். 'வடம்' என்றால் ஆல், 'ஆரண்யம்' என்றால் காடு. காரைக்கால் அம்மையார் வந்து பாடிய ஊர் இது. அவர் ராஜாதித்தருக்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியவர். ஆகவே இந்தப் பகுதிப் படைக்கு ஆலமரமும் பனைமரமும் வைக்கலாம். ஊர்ப் பெயரும் ஒரு சான்றுதான். தினமும் உச்சரிக்கிறோம், கவனிப்பதில்லை.

அடியில் எழுதுங்கள்

கடைசி வேலை இது. பொம்மையைத் தலைகீழாகத் திருப்புங்கள். மூடியின் அடியில் ஒரு வட்டத் தாளை ஒட்டுங்கள். அதில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரியில் யார், எங்கே, எப்போது. இரண்டாம் வரியில் சான்று உள்ளவை. மூன்றாம் வரியில் நீங்கள் ஊகித்தவை. யானைப் பொம்மைக்கு இப்படி எழுதலாம்:

"ராஜாதித்தர், தக்கோலம், 949. யானை: இரு தரப்புச் சான்றும் உண்டு. நெஞ்சில் அம்பு: சோழர் செப்பேடு மட்டும். கச்சையின் சிவப்பு: என் ஊகம்."

சின்ன மூடியில் இடம் போதாது என்றால் ஓர் எண் மட்டும் எழுதி, விவரத்தை நோட்டில் எழுதுங்கள். அருங்காட்சியகங்களிலும் பொருளின் மேல் எண் போட்டுப் பதிவேட்டில் விவரம் எழுதுவதுதான் வழக்கம்.

இது எதற்கு என்று கேட்கலாம். அழகாக வண்ணம் தீட்டிய பொம்மை மிக வலிமையானது. பார்ப்பவர்கள், "அப்படித்தான் இருந்தது போலும்" என்று நம்பி விடுவார்கள். உங்கள் தம்பி, தங்கை அந்தச் சிவப்புக் கச்சையை உண்மை என்றே மனதில் பதித்துக் கொள்வார்கள். ஊகிப்பது குற்றமில்லை. ஊகத்தை உண்மை போல நிறுத்துவதுதான் குற்றம். மூடிக்கு அடியில் உள்ள மூன்று வரி அந்தக் குற்றத்திலிருந்து உங்களைக் காப்பாற்றும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோழ வீரனுக்கு எத்தனை நேரம் செலவிட்டீர்களோ, அத்தனை நேரத்தை எதிர்ப் படை வீரனுக்கும் கொடுங்கள். நம்மவனுக்கு அழகிய முகமும், எதிராளிக்குக் கோரமான முகமும் வேண்டாம். சோழர் செப்பேட்டில் ராஜாதித்தர் வீரர். ஆதகூர்க் கல்லில் மணலேரர் வீரர். அவருக்கும் வீடு இருந்தது. அவர் ஆசைப்பட்டுக் கேட்டது ஒரு நாயைத்தான்!

பொம்மை வீரன் விழுந்தால் எடுத்து நிறுத்தலாம். உரிந்த இடத்தில் ஒரு சொட்டு வண்ணம் வைக்கலாம். தக்கோலத்தில் விழுந்தவர்களை யாராலும் எடுத்து நிறுத்த முடியவில்லை. கண்ணுக்குப் புள்ளி வைக்கும்போது இதை ஒரு நிமிடம் நினைத்துக் கொள்ளுங்கள்.

வரும் நவராத்திரிக் கொலுவில் கீழ்ப்படியில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்குங்கள். இந்தப் பக்கம் பத்து வீரர், அந்தப் பக்கம் பத்து வீரர், நடுவில் யானை, ஓரத்தில் ஓர் ஆலமரம். மணலேரர் பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் காளியையும் நிறுத்துங்கள். வருகிறவர்கள், "இது என்ன கதை?" என்று கேட்பார்கள். பொம்மையைத் திருப்பி, அடியில் இருப்பதைப் படித்துக் காட்டுங்கள்.